தி லேடிகில்லர்ஸ் (1955): பாதியில் நிறுத்திவிட்டேன், தொடர்ந்து பார்க்கலாமா?

நள்ளிரவுக் காட்சி (கேள்வி):

பழைய பிரிட்டிஷ் படங்கள் பக்கம் இப்போதுதான் வந்திருக்கிறேன். முதலில் 'தி லாவண்டர் ஹில் மாப்' பார்த்தேன். வங்கிக் குமாஸ்தா ஒருவர் தங்கக் கட்டிகளைத் திருடி, ஈஃபில் கோபுர பொம்மைகளாக வார்த்து பிரான்ஸுக்குக் கடத்துகிற கதை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதே அலெக் கின்னஸ், அதே ஈலிங் ஸ்டூடியோ என்பதால் அடுத்து 'தி லேடிகில்லர்ஸ்' போட்டேன்.

இதில் என்னால் ஒட்ட முடியவில்லை, ஆரம்பமே இழுவை. ஒரு பாட்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எதையோ சொல்கிறார், வீட்டுக்கு வருகிறார், சுத்தியலால் குழாயைத் தட்டுகிறார், கிளிகளோடு பேசுகிறார். மாடி அறையை வாடகைக்கு எடுத்த ஐந்து பேர் கிராமஃபோனில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, வாத்தியம் வாசிப்பதாக நடிக்கிறார்கள். கொள்ளை நடக்கிற இடம் வரை பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

இரண்டு கேள்விகள். ஒன்று, இதில் எங்கே சிரிப்பது? இரண்டு, கின்னஸ் ஏன் இப்படி நடிக்கிறார்? அந்தப் பல், அந்தக் கண், கழுத்தில் தொங்குகிற நீள மஃப்ளர் எல்லாம் பேய்ப்படத்திலிருந்து வந்தவர் மாதிரி இருக்கிறது. பாட்டியோ அசல் பாட்டி. இரண்டும் ஒரே படத்தில் எப்படிப் பொருந்தும்?

முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

---

பழைய புரொஜெக்டர்:

கண்டிப்பாகத் தொடருங்கள். கதை இறுகத் தொடங்குகிற இடத்துக்கு ஒரு அடி முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு மிக நெருக்கமான படம் இது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் கின்னஸ். 'லாவண்டர் ஹில்'லில் அவர் நம்மில் ஒருவர். இருபது வருடம் ஒழுங்காக வேலை பார்த்த மனிதருக்கு ஒருநாள் ஆசை வருகிறது, நாமும் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். இங்கே புரொபசர் மார்கஸை அப்படி நேசிக்க இயக்குநர் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் நம்மை விடுவதே இல்லை. அவர் எப்படி அறிமுகமாகிறார் என்று ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஆளுக்கு முன்னால் நிழல்தான் வருகிறது. பாட்டியின் பின்னாலேயே வந்து, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று, அதற்கப்புறம்தான் கதவு மணி அடிக்கிறது. திகில் படத்தின் அத்தனை இலக்கணமும் அங்கே இருக்கிறது. கதவைத் திறக்கிற மிசஸ் வில்பர்ஃபோர்ஸுக்கு மட்டும் அது எதுவும் தெரியாது. அறை கேட்டு வந்த, நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு கனவான், அவ்வளவுதான். பயமே இல்லாமல் உள்ளே அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். பொருந்தவில்லை என்று சொன்னீர்களே, அந்தப் பொருந்தாமைதான் முழுப் படமும். ஒரு திகில் படத்து வில்லன் ஒரு நல்ல பாட்டியின் வீட்டுக்குக் குடிவருகிறான். அந்த வீட்டில் அவனுடைய எந்த வித்தையும் பலிக்காது.

அடுத்து அந்த வீடு. மார்கஸ் முதல்முறை உள்ளே வந்ததும் சுவரில் சாய்ந்து தொங்குகிற படத்தை நேராக்கப் பார்ப்பார். கையை எடுத்ததும் அது திரும்பச் சாய்ந்துவிடும். போரில் குண்டு விழுந்ததிலிருந்து வீடே சாய்ந்துவிட்டது, மேல் தளங்களில் குடியிருக்க முடியாது, படங்கள் நேராகவே நிற்பதில்லை என்று பாட்டி சர்வ சாதாரணமாகச் சொல்வார். படம் வந்தது 1955. போர் முடிந்து பத்தே வருடம். அன்று லண்டனில் இருந்த ரசிகர்களுக்கு அந்தச் சாய்ந்த சுவரை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. வீடு நிஜ வீடு கிடையாது. லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு வடக்கே, ஃபிரெடரிக்கா தெருவின் கோடியில், கோபன்ஹேகன் ரயில் சுரங்கத்துக்கு மேலே படப்பிடிப்புக்காகவே கட்டிய செட். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் நிற்கிற தெருவில், கடைசியில் தனியாகக் கோணிக்கொண்டு நிற்கும்.

ஒளிப்பதிவாளர் ஒட்டோ ஹெல்லர் நிறத்திலேயே கதையைச் சொல்லிவிடுகிறார். டெக்னிகலர் என்றால் பளபளப்பு என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைப்போம். இங்கே எல்லாம் பழுப்பு, கரி, மங்கல் பச்சை. அதற்கு நடுவில் வெளிர் நிற உடையில் பாட்டி மட்டும் மெல்ல நடந்துவருவார். இருட்டு அறையில் அந்த ஐந்து பேரும் குழுமி நிற்கிற ஃபிரேமுக்குள் அவர் நுழையும்போது யார் பக்கம் வெளிச்சம் என்று பாருங்கள்.

இனி சிரிப்புக்கு வருகிறேன். ஜோக் எப்போது வரும் என்று காத்திருந்தால் இந்தப் படம் கைகொடுக்காது. கதவு தட்டப்படுகிற சத்தத்துக்குக் காத்திருங்கள். ஐந்து குற்றவாளிகள் மேஜையைச் சுற்றி நின்று கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். கிராமஃபோனில் பொக்கெரினியின் மினுவெட் இசை ஓடுகிறது, வாசிப்பது இவர்கள்தான் என்று பாட்டி நம்புவதற்காக. கதவு தட்டப்படுகிறது. இசைத்தட்டை நிறுத்த வேண்டும், ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையில் எடுக்க வேண்டும், முகத்தில் கலைஞனின் களைப்பை வரவழைக்க வேண்டும். கதவு திறக்கிறது. டீ வேண்டுமா என்று கேட்க வந்திருக்கிறார்.

இது ஒருமுறை நடந்தால் வேடிக்கை. திரும்பத் திரும்ப நடக்கும்போது அந்த ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். மேஜராக வரும் செசில் பார்க்கர் ஒவ்வொரு முறையும் உடனே குழைந்து மரியாதை காட்டிவிடுவார். பழக்கதோஷம், அவரால் அடக்கவே முடியாது. ஹெர்பர்ட் லோம் தொப்பியும் விறைத்த முகமுமாகச் சுவரோரம் நிற்பார், உள்ளே கொதிப்பது தெரியும். டேனி கிரீனின் ஒன்-ரவுண்டுக்கு செல்லோவை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாது, ஆனால் பாட்டி பேசும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பருமனாக, இளமையாக ஓரத்தில் நிற்கிற அந்தப் பையன், ஹாரியாக வரும் பீட்டர் செல்லர்ஸ். அப்போது அவர் வானொலியில்தான் பிரபலம். பிற்பாடு 'பிங்க் பேந்தர்' படங்களில் அவரால் பைத்தியமாகிப்போகிற மேலதிகாரியாக வருவதும் இதே ஹெர்பர்ட் லோம்தான். அது தெரிந்தபிறகு இருவரும் ஒரே ஃபிரேமில் நிற்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கிளிக்கு மருந்து கொடுக்கிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை. சொன்னால் சந்தேகம் வரும். அதைவிட, ஒரு வயதான பெண் தன்மையாகக் கேட்கும்போது மறுப்பது அநாகரிகம். கழுத்தை அறுக்கத் தயங்காதவர்கள் அநாகரிகத்துக்கு அஞ்சுகிறார்கள். அதனால்தான் ஜெனரல் கோர்டன் என்கிற கிளியைத் துரத்திக்கொண்டு கூரை வரை போகிறார்கள், நாற்காலி உடைகிறது. எனக்குத் தெரிந்து பிரிட்டிஷ் நகைச்சுவையின் ஊற்று இந்த இடம்தான். துப்பாக்கி கையில் இருந்தாலும் டீ கோப்பையை நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

கேட்டி ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். 1878இல் பிறந்தவர். பல வருடம் சிறு சிறு வேடங்களில் வந்துபோனவர். இவ்வளவு தளர்ந்தவரால் முடியுமா என்று தயங்கி, முதலில் அவரைவிட இளைய நடிகை ஒருவரைத்தான் ஒப்பந்தம் செய்தார்கள். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அந்த நடிகை இறந்துபோனார். வாய்ப்பு திரும்ப ஜான்சனிடம் வந்தது. எழுபது வயதைத் தாண்டியபிறகு கிடைத்த முதல் பெரிய வேடம், அதற்கே சிறந்த பிரிட்டிஷ் நடிகைக்கான பாஃப்டா விருது. 1957இல் காலமாகிவிட்டார். சுற்றிலும் ஐந்து கைதேர்ந்த நடிகர்கள் கேலிச்சித்திரம் மாதிரி நடித்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் அத்தனையையும் உண்மையாகவே செய்கிறார். அவர் கொஞ்சம் வேடிக்கை காட்டியிருந்தாலும் படம் சரிந்திருக்கும்.

போலீஸ் ஸ்டேஷன் காட்சியை இழுவை என்கிறீர்கள். தோழி ஒருத்தி தோட்டத்தில் விண்கலத்தைப் பார்த்ததாகப் புகார் கொடுத்தார் அல்லவா, அது வானொலி நிகழ்ச்சியைக் கேட்டு வந்த கனவு என்று தெரிவிக்க பாட்டி வந்திருக்கிறார். போலீஸார் எவ்வளவு அன்பாக, எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்கள் பாருங்கள். குடையை மறந்துவிட்டுப் போகிறார், அதையும் கொண்டுவந்து தருகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்ல மாட்டேன்.

பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

---

சிக்னல் கம்பம்:

மேலே உள்ளதை ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. கொள்ளைக் காட்சி எனக்கு இன்றும் சப்பென்றுதான் இருக்கிறது. வண்டிகளை மறித்து, பணத்தை எடுத்து, பெட்டிக்குள் போட்டு, அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கொள்ளையை ரசிக்க வேண்டுமென்றால் 'லாவண்டர் ஹில்'தான். அதில் திட்டம் எப்படி உருவாகிறது என்று பார்ப்பதே சுவை.

நான் இதைப் பார்ப்பது ரயிலுக்காகவும் சத்தத்துக்காகவும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் எஞ்சின்கள் போய்க்கொண்டே இருக்கும். நீராவி மேலே எழுந்து எல்லாவற்றையும் மூடும், பிறகு விலகும். முதல் பாதியில் அது வெறும் சுற்றுப்புறம் என்று தோன்றும். இரண்டாம் பாதியில் அந்தச் சரக்கு ரயில்களுக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. அன்றைய கிங்ஸ் கிராஸின் கரியும் புகையும் நிறத்தில் பதிவாகியிருப்பதே பெரிய விஷயம்.

2004இல் கோயன் சகோதரர்கள் டாம் ஹாங்க்ஸை வைத்து இதே கதையை அமெரிக்காவின் மிசிசிப்பியில் எடுத்தார்கள். அதை முதலில் பார்த்துவிட வேண்டாம்.

---

நள்ளிரவுக் காட்சி:

பார்த்து முடித்தேன்! இனி முடிவைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டாக்ஸி காட்சியிலேயே விழுந்துவிட்டேன். அறுபதாயிரம் பவுண்டு இருக்கிற பெட்டி பாட்டியோடு டாக்ஸியில் வருகிறது. கும்பல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. நேராக வீட்டுக்கு வந்தால் போதும். வழியில் தள்ளுவண்டிக்காரர் ஒரு குதிரையை அடிப்பதைப் பார்த்து, டாக்ஸியை நிறுத்தச் சொல்லி இறங்கி நியாயம் கேட்கிறாரே! தெருவே ரணகளமாகிறது. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை, அதுதான் அந்த ஐந்து பேருக்கும் தலைவலி.

அப்புறம் செல்லோ உறை. எல்லாம் முடிந்தது, பணம் கையில், வெளியேறியாயிற்று. உறையின் வார் கதவிடுக்கில் சிக்கிக்கொள்கிறது. ஒன்-ரவுண்ட் ஒரே இழுப்பு இழுக்கிறான், உறை திறந்து நோட்டுகள் பறக்கின்றன. திட்டம் தோற்றது ஒரு கதவால். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

ஒரு சந்தேகம். உடனே ஓடிப்போயிருக்கலாமே? ஐந்து பேரும் ஏன் திரும்ப வீட்டுக்குள் போகிறார்கள்?

---

பழைய புரொஜெக்டர்:

முடித்துவிட்டீர்கள் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி.

ஓட முடியாது, பாட்டிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நேராகப் போலீஸுக்குப் போவார் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உடனே கதவைத் தட்டுகிறது. தோழிகள் டீ விருந்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சிதான் எனக்குப் படத்தின் உச்சம். ஒரு மணி நேரமாவது கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள் என்கிற மாதிரி பாட்டி சொல்ல, கொள்ளைக்காரர்கள் அப்படியே கேட்கிறார்கள். சின்ன அறை நிறையக் கிழவிகள், தொப்பிகள், கோப்பைகள். நடுவில் இவர்கள் கேக் தட்டோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பியானோவைச் சுற்றிப் பாட்டு வேறு. ஒருவராவது துப்பாக்கியை எடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றக்கூட இல்லை. திட்டு வாங்கிய பள்ளிப் பையன்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

அதற்குப் பின் அவர்கள் பேசிப் பேசி பாட்டியின் மனதை மாற்றப் பார்ப்பதையும் கவனித்திருப்பீர்கள். பணம் காப்பீடு செய்யப்பட்டது, நஷ்டம் எல்லோருடைய பிரீமியத்திலும் ஒரு ஃபார்திங் சில்லறையாகக் கரைந்துவிடும், திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று மார்கஸ் கணக்குச் சொல்கிறார். வாதம் எவ்வளவு கச்சிதம்! பாட்டி ஒரு கணம் குழம்புகிறார். ஆனால் தப்பு தப்புதான். கொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று தீக்குச்சிச் சீட்டு எடுக்கிறார்கள், ஒருவராலும் அதைச் செய்ய முடியவில்லை. மேஜர் பணத்தோடு கூரைக்கு ஏறுகிறார். பாட்டியைக் கொன்றுவிட்டான் என்று நம்பி ஹாரியை ஒன்-ரவுண்ட் முடித்துவிடுகிறான். பாட்டி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார். கொலைகள் எல்லாம் அவர் தூங்கும்போதே நடக்கின்றன. ஒவ்வொருவராகத் தள்ளுவண்டியில் போய், பாலத்தின் மேலிருந்து சரக்கு ரயிலுக்குள் விழுகிறார்கள். ஐந்து சாவு, ஆனால் ரத்தம் கண்ணில் படவே இல்லை. கடைசியில் மார்கஸின் தலையில் இறங்குவது சிக்னல் கை. எந்த மனிதனும் அவரைத் தோற்கடிக்கவில்லை, ரயில்வே தன் வேலையைச் செய்தது, அவ்வளவே.

இது போருக்குப் பிந்தைய பிரிட்டனைப் பற்றிய கேலிச்சித்திரம் என்று மெக்கெண்ட்ரிக்கே பின்னாளில் பேசியிருக்கிறார். போலி மேஜர் பழைய ராணுவ மேல்தட்டு, ஹாரி கள்ளச்சந்தையில் வளர்ந்த இளைய தலைமுறை, ஒன்-ரவுண்ட் பாமர ஜனம். விழத் தயாராக நிற்கும் விக்டோரியா காலத்து வீடு, அதில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. ஸ்காட்லாந்தில் வளர்ந்த மெக்கெண்ட்ரிக்கும், அமெரிக்காவில் பிறந்த திரைக்கதை ஆசிரியர் வில்லியம் ரோஸும் கொஞ்சம் வெளியே நின்று பார்த்ததால்தான் இது இவ்வளவு துல்லியமாக வந்தது என்று நான் நம்புகிறேன். கதையைத் தூக்கத்தில் கனவாகக் கண்டதாக ரோஸ் சொன்னார் என்பார்கள். படத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

அதே 1955இல் ஈலிங் ஸ்டூடியோவை பிபிசிக்கு விற்றுவிட்டார்கள். மெக்கெண்ட்ரிக் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

---

சிக்னல் கம்பம்:

முடிவில் போலீஸ் ஸ்டேஷனில், பணம் என்னிடம் இருக்கிறது என்று பாட்டி சொல்கிறார். அதே அன்பு, அதே பொறுமை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வழியனுப்புகிறார்கள். முதல் காட்சியின் விண்கலம் எதற்கு என்று அப்போதுதான் புரிகிறது. இவ்வளவு நேர்த்தியான திரைக்கதைப் பூட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

---

நள்ளிரவுக் காட்சி:

ஆமாம்! நான் இழுவை என்று சொன்ன அதே காட்சி. முதல் அரை மணி நேரத்தை இன்று திரும்பப் பார்த்தேன், இப்போது ஒவ்வொரு நிமிடமும் சிரிப்பு வருகிறது.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

---

பழைய புரொஜெக்டர்:

'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்', 1949. இயக்கம் ராபர்ட் ஹேமர். ஒரு பிரபுப் பட்டத்துக்காகக் குடும்பத்தையே ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிற இளைஞனின் கதை. சாகிற உறவினர்கள் அத்தனை பேரும் கின்னஸ்தான், ஒரு பெண் உட்பட. இதைவிடக் குளிர்ந்த படம். கருப்பு வெள்ளையில், காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கதாநாயகனே கதை சொல்வான். அவன் குரலின் இனிமையில் மயங்கி, கொலைக்குக் கொலை நாம் தலையாட்டிக்கொண்டிருப்போம்.

அதன்பிறகு 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' பாருங்கள். 1988இல் வந்தது, அதனால் வேறு உலகம் என்று நினைக்க வேண்டாம். இயக்குநர் சார்லஸ் கிரைட்டன், உங்களுக்குப் பிடித்த 'லாவண்டர் ஹில்'லை எடுத்த அதே மனிதர். அதிலும் ஒரு வயதான பெண்மணியைத் தீர்த்துக்கட்ட ஒருவன் படாதபாடு படுவான். முதலில் சாகிறது வேறு யாரோ. அதைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், எனக்கு அதைப் பற்றி நிறையப் பேச வேண்டும்.